பாலூட்டும் தாயும் நம் பைத்துல்மாலும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. ஓரிரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகர்களுக்குக் காவல் நின்ற கலீஃபா அவர்கள், ஒரு குழந்தை விடாது அழுவதைக் கேட்டார்கள். அத்தொகைக்காகவே காலத்திற்கு முன் பாலை நிறுத்துவதாகத் தாய் கூறினாள், கேட்பவர் யாரென அறியாமலே. ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபா அவர்கள் அழுத அழுகையால் ஓதியதும் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். முதலில் தாயைக் கடிந்துகொண்ட அவர்களே பின்னர் விதியை மாற்றி, பிறந்த நாள் முதல் உதவித்தொகை என அறிவித்தார்கள்.

மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் நம் சகோதரிகளின் நிலை என்ன? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி. கை நின்றால் கூலியும் நின்றது. எனவே பேறு கழிந்து நாற்பது நாள் நிறையுமுன்பே பீடித்தட்டு மடியேறி விடுகின்றது. குழந்தை பக்கத்தில் கிடக்கின்றது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பர் மருத்துவர். தோல் வழியே உடலில் சேரும் நிகோடின் தாய்ப்பாலிலும் கலக்கும் என்பதும் அவர்கள் கூறுவதே. அதற்காகப் பாலை நிறுத்துதல் கூடாது. கை கழுவி, தூள் படிந்த துணி மாற்றி ஊட்ட நேரம் வேண்டும். அந்நேரத்திற்குக் கூலி தருபவர்தாம் யார்?

வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணுக்கும் பேறுகால உதவி உண்டென 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே கூறியது. 2017இல் முதலிரு பேறுகளுக்கான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பரில் இவற்றின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எச்சட்டமாயினும் பதிவேட்டில் பெயரில்லாதவளுக்கு அது எட்டாது. ஒருத்தியின் பாஸ் புத்தகத்தில் மூவர் சுற்றுவதை நாம் அறியாதவர்களல்லர். அவ்வாறு வேலை கொடுப்போரில் நம் ஜமாஅத்தாரும் உண்டு!

பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறது திருக்குர்ஆன் (2:233). மணவிலக்குப் பெற்றவள் பாலூட்டினால் அதற்கு ஊதியமே கொடுக்கச் சொல்கிறது (65:6).

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைத் தாய்மார்க்குப் பொருளும் பணமுமாக ரூ.18,000 உண்டு. கருவுற்றவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதோர்க்கு நம் இளைஞர்கள் உதவட்டும். ஆறு மாதக் கூலியில் ஒரு பகுதியையேனும் பிறந்த நாள் முதல் பைத்துல்மாலிலிருந்து வழங்க வேண்டுமென நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். பீடிக் கடை நடத்தும் சகோதரர்கள், சுற்றுகிற ஒவ்வொருவரின் பெயரையும் இவ்வாண்டே பதிவேட்டில் ஏற்றித் தரவேண்டும்.