சுவடியும் கப்பற்குறிப்பேடும்



அம்பாங்கில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு அணை என்பது பொருள். ஈயச் சுரங்கங்களுக்காக நீர் தேக்கிய ஊர் இது. கடல் இங்கிருந்து கண்ணுக்கெட்டாத் தொலைவில் உள்ளது. எனினும் நாம் அமர்ந்திருக்கும் இத்தரையின் உயரம் என்னவென்று நில அளவையாளரைக் கேட்டால், கிள்ளான் துறைமுகத்தின் சராசரிக் கடல்மட்டத்திலிருந்துதான் அவர் கணக்குச் சொல்வார். தீபகற்ப மலேசியாவின் உயரங்களுக்கு இன்று அடிப்படையாக இருப்பது அங்கே 1984 முதல் 1993 வரை எடுக்கப்பட்ட அளவீடு. அதற்கு முந்தைய அடிப்படை, அத்துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கப்பட்ட நாளில், 1911-12ஆம் ஆண்டுகளில் சில மாதங்களே எடுத்த அளவீட்டால் அமைந்தது. ஆனால் நிலவின் பாதையால் கடலேற்றத்தில் உண்டாகும் மெதுவான ஏற்றத்தாழ்வு ஒருமுறை சுற்றிவர 18.6 ஆண்டுகள் ஆகும். சில மாத அளவு கடலின் நடுமட்டத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கடல் உயர்ந்திருக்கிறதா, எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று உலகமே கேட்கிறது. விடை பழைய தாள்களில் இருக்கிறது. அத்தாள்களிலும் எண் மட்டும் போதாது. அளவுகோல் எங்கே நின்றது, யார் எதைக் கொண்டு அளந்தார் என்னும் குறிப்பும் வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

காற்றை அறிந்து கலம் செலுத்தியவர்கள் தமிழர்கள் என்பதற்குப் புறநானூற்றின் 66ஆம் பாடலை நாம் பெருமையோடு காட்டுகிறோம். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கொரு காற்றுப் பெயரும் வைத்திருக்கிறோம். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆயினும் அந்தப் பாட்டில் நாள் இல்லை, இடம் குறிக்கும் அளவு இல்லை. வானிலை ஆய்வாளருக்கு அவை இரண்டும் இன்றியமையாதவை.

அவற்றைத் தருபவை கப்பற்குறிப்பேடுகள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்று மீண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் குறிப்பேடுகளுள், 1789 முதல் 1834 வரை வெப்பமானி, காற்றழுத்தமானி அளவுகளை நாள்தோறும் எழுதிவைத்தவை ஏறத்தாழ 900. அவற்றிலிருந்து 273,000 வானிலைப் பதிவுகள் கணினிக்கு ஏற்றப்பட்டு, 2012இல் ஆய்வுலகுக்கு அறிவிக்கப்பட்டன. வணிகத்துக்காக எழுதிய ஏடு, எழுதியவர் கனவிலும் காணாத ஒரு கேள்விக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துச் சான்றாகிறது. பின்னர், அமெரிக்கக் கடற்படை அதிகாரி மோரியின் முயற்சியால் 1853இல் பிரசல்ஸ் நகரில் மாநாடு கூடியது. பல நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பெழுத வழி பிறந்தது.

முறை ஒன்றானாலும் வாளி ஒன்றாகவில்லை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடல்நீரை வாளியில் முகந்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பது அக்கால வழக்கம். மரவாளியில் நீர் எளிதில் குளிராது. கித்தான் வாளியிலோ, மண்பானை நீர் குளிர்வதைப் போல, ஈரம் ஆவியாகி நீர் குளிர்ந்துவிடும். எந்திர அறைக்குள் இழுக்கப்படும் நீரை அளந்தால் அது சற்றே கூடுதலாகக் காட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலப் பதிவுகளுள் பெரும்பாலானவை எந்திர அறையில் அளந்த அமெரிக்கக் கப்பல்களுடையவை. போர் முடிந்ததும் வாளியில் அளந்த பிரிட்டானியக் கப்பல்களின் பங்கு திடீரென மிகுந்தது. அதனால் 1945இல் உலகக் கடல்களே சுமார் 0.3 பாகை குளிர்ந்துவிட்டதைப் போல ஒரு பள்ளம் வரைபடத்தில் விழுந்தது. கடல் அப்படிக் குளிரவில்லை, அளந்தவர்தாம் மாறினார் என்பதை 2008இல்தான் தெளிவாக எடுத்துக்காட்டினர்.

ஜப்பானியக் கப்பல்களின் கோபே தொகுப்பு இன்னொரு பாடம். அதன் ஒரு பகுதியைத் துளையட்டைகளுக்கு மாற்றியபோது தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தை விட்டுவிட்டனர். 28.1 பாகையும் 28, 28.9 பாகையும் 28. ஓர் எண்ணில் இது சிறு பிழை. ஆயிரமாயிரம் எண்களில் வட பசிபிக் கடலையே குளிர்ந்ததாகக் காட்டிவிட்டது. 2019இல் வெளியான ஆய்வு இதைத் திருத்தியது.

தமிழாசிரியர்கள் நிறைந்த அவை என்பதால் ஒப்புமை ஒன்றைத் துணிந்து சொல்கிறேன். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டார். அவர் பதிப்புகளில் பாடபேதங்களுக்கு இடம் உண்டு. தமக்குச் சரியென்று தோன்றிய பாடத்தை மூலத்தில் வைத்துவிட்டு மற்றதை அழித்துவிடுவது நல்ல பதிப்பாசிரியரின் வேலையன்று. கடற்பதிவைச் செம்மைப்படுத்துவோருக்கும் அதே நெறிதான். திருத்திய எண்ணோடு ஏட்டிலுள்ள எண்ணும் அருகில் இருக்கவேண்டும். வாளியின் வகையும், கப்பலின் நாடும், படியெடுத்தவர் விட்ட இலக்கமும் உடன் வரவேண்டும். இல்லையேல் நாளை வேறொருவர் நம் திருத்தத்தைச் சோதிக்கவே வழியிராது. கணினியில் ஏற்றியபின் தாளைக் கைவிடலாம் என்னும் எண்ணத்தை நான் ஏற்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

இது விஞ்ஞானிகள் மட்டும் செய்யும் வேலையன்று. 2010இல் தொடங்கிய 'ஓல்டு வெதர்' திட்டத்தில் முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டானியப் போர்க்கப்பல் ஏடுகளைப் பொதுமக்களே கணினித் திரையில் படித்துப் படியெடுத்தனர். ஒரே பக்கத்தைப் பலர் தனித்தனியே படித்து, ஒத்துவந்த எண் கொள்ளப்பட்டது. நம் முன்னோர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கடந்துவந்த வங்கக் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் இதே வேலை மிச்சமிருக்கிறது.

மாணவர்கள் இத்தகைய பணியில் சேர்ந்தால் முதல் நாளே கற்கவேண்டியது ஒன்று. ஏட்டில் 92 என்று இருந்தால் 92 என்றே எழுதுங்கள். பாரன்ஹீட் அளவைச் செல்சியசாக மாற்ற வேண்டாம். அதைக் கணினி பார்த்துக்கொள்ளும். தெளிவில்லாத இடத்தைத் தெளிவில்லை என்றே குறியுங்கள். ஓரத்தில் மாலுமி எழுதிய 'பலத்த மழை', 'வெப்பமானி உடைந்தது' என்பன போன்ற குறிப்புகளையும் விடாதீர்கள். அடுத்த நாள் முதல் எண்கள் ஏன் மாறின என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் கிடைக்கும்.