தெம்சுலா ஆவோ: கேட்டுச் சேர்த்த மரபு



இந்த வடகிழக்கு இந்திய இலக்கியக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க அழைத்தபோது, என் உரையைத் தெம்சுலா ஆவோ ஒருவரைப் பற்றியே வைத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். காரணம் உண்டு. அவரைப் பற்றி வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்கள் எல்லாமே 2006இல் வெளிவந்த ‘தீஸ் ஹில்ஸ் கால்டு ஹோம்’ கதைகளையும் ராணுவ ஒடுக்குமுறையையும் பேசுகின்றன. பேச வேண்டியதுதான். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் 1958இல் வந்தது. அதன் நிழலில் வாழ்ந்த நாகா மலையூர்களின் கதைகள் அவை. ஆனால் 1999இல் அவர் வெளியிட்ட ‘தி ஆவோ-நாகா ஓரல் டிரடிஷன்’ ஆய்வு நூலை யாரும் தொடவில்லை. அதை விட்டுவிட்டுக் கதைகளுக்குள் நுழைந்தால் பாதிதான் கைக்கு வரும் என்பது என் கட்சி.

அவர் பிறந்தது 1945இல், அசாமின் ஜோர்ஹாட்டில். சிறு வயதிலேயே தாய், தகப்பன் இருவரையும் பறிகொடுத்து, கோலாகாட்டில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தார். அந்த வறுமையைத் தன்வரலாற்றில் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். மொகோக்சுங் பசல் அலி கல்லூரி, குவாஹாட்டி பல்கலைக்கழகம் என்று படித்து, ஷில்லாங்கின் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார். ஹென்றி ஜேம்ஸின் நாயகிகளைப் பற்றி நூல் எழுதியவர். பழங்குடி எழுத்தாளர் என்றதும் அடுப்பங்கரையில் கதை கேட்டே வளர்ந்தவர் என்று ஒரு படம் வரைந்துவிடுகிறோம். இவர் வந்த வழி வேறு.

1985-86இல் ஃபுல்பிரைட் நல்கையில் மினசோட்டா பல்கலைக்கழகம் போனார். அங்கே அமெரிக்கப் பூர்வகுடிகளின் வாய்மொழி மரபு அறிமுகமாயிற்று. நம் சனத்தின் கதைகளை யார் எழுதி வைப்பது என்ற கேள்வியோடு திரும்பினார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் புராணங்கள், சடங்குகள், வழக்காறுகள், ஊர்ச் சட்டங்கள் எல்லாவற்றையும் திரட்டினார். அவர் பிறந்த ஆவோ நாகா இனத்தின் முதல் முன்னோர் லுங்தெரோக்கின் ஆறு கற்களிலிருந்து வெளிவந்த கதை, தோலில் எழுதி வைத்திருந்த எழுத்தை நாய் தின்றுவிட்ட கதை எல்லாம் இந்த மரபைச் சேர்ந்தவை. முதல் கவிதைத் தொகுதி வந்தது 1988இல். ஆக, திரட்டலும் கவிதையும் ஒன்றாகவே நடந்தன. இடையில் 1992 முதல் 1997 வரை திமாப்பூரில் வடகிழக்கு மண்டலப் பண்பாட்டு மையத்தின் இயக்குநர் பொறுப்பு வேறு.

இப்போது ‘தீஸ் ஹில்ஸ் கால்டு ஹோம்’ தொகுப்பிலுள்ள ‘தி லாஸ்ட் சாங்’ கதைக்கு வருவோம். நன்றாகப் பாடும் அபென்யோ என்ற பெண்ணை ராணுவத்தினர் சிதைத்துக் கொல்கிறார்கள். அவளைக் காக்க ஓடிய தாய் லிபெனிக்கும் அதே கதி. நம் கட்டுரைகள் இங்கே நின்றுவிடுகின்றன. ஆவோ நிற்கவில்லை. பிணங்களை எங்கே புதைப்பது என்று ஊர் வாதிடுகிறது. துர்மரணம் அடைந்தவர்களுக்கு இடுகாட்டில் இடமில்லை என்பது வழக்கம். உறவினர்கள் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: இடுகாட்டு எல்லைக்குச் சற்று வெளியே புதைக்கலாம், தலைக்கல் மட்டும் நடக் கூடாது. ராணுவம் செய்த கொடுமைக்குப் பக்கத்திலேயே, வழக்கம் தவறாத நல்ல மனிதர்கள் செய்யும் இந்தச் சிறிய ஒதுக்கலையும் அவர் வைக்கிறார். ஊர்ச் சட்டத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டுத் திரட்டியவரால்தான் இந்த இடத்தை இவ்வளவு துல்லியமாக எழுத முடியும். வழக்கத்தை அவர் வசைபாடவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை.

2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘லாபர்னம் ஃபார் மை ஹெட்’ தொகுப்பின் தலைப்புக் கதையில் லெந்தினா என்ற மூதாட்டி, தன் புதைகுழியின் மேல் கல் வேண்டாம், மே மாதம் மஞ்சளாய்ப் பூக்கும் லாபர்னம் போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அங்கே ஊர் மறுத்த கல்லை இங்கே ஒருத்தி தானே வேண்டாம் என்கிறாள். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்து ஒரு கட்டுரையாவது வந்திருக்கலாம். (பத்மஸ்ரீ எந்த ஆண்டு என்பது மட்டும் எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. 2007, சரிதான்.)

2022 அக்டோபர் 9 அன்று காலமானார். கடைசித் தொகுப்பு ‘தி டூம்ஸ்டோன் இன் மை கார்டன்’ அதே ஆண்டில்தான் வெளிவந்தது. பிற்பகல் அமர்வில் அவரைப் பற்றிப் பேச இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கட்டுரையை அப்படியே வாசியுங்கள், விவாதத்தின்போது, இறந்தவர்க்கு இடம் ஒதுக்கும் அதிகாரம் இக்கதைகளில் யார் கையில் இருக்கிறது என்பதற்கும் விடை சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.