உப்புநீர்த் திவலையும் நுரையீரலும்

(அச்சன்புதூரில் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் நம் அச்சன்புதூர் வரை வந்து முகத்தில் தெறிக்கும். அக்காலத்தில் பிள்ளைகள் இருமினால், "சாரல் சளிதானே" என்று நாம் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் ஆண்டு முழுதும் ஓயாது இருமுகின்ற, வயிறார உண்டும் உடல் தேறாத, முத்தமிட்டால் உப்புக் கரிக்கின்ற குழந்தையை அவ்வாறு விட்டுவிடலாகாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயாக அது இருக்கக்கூடும். அரிய நோய்தான், காசநோய் என்று மயங்குவோரும் உண்டு. இது தொற்றுவதன்று. தாய் தந்தை இருவரிடமும் மறைந்துள்ள பழுதான மரபணு குழந்தையிடம் ஒருங்கே வந்து சேர்வதால் உண்டாவது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு மிகுதி.

இந்நோயில் நுரையீரற் சளி நீர் வற்றிப் பசைபோல் இறுகும். அதில் கிருமிகள் குடியேறும். சளியை இளக்குவதற்காக, 1950, 60களில் அமெரிக்க மருத்துவர்கள் குழந்தைகளைப் பனிமூட்டம் நிறைந்த கூடாரத்துள் இரவெல்லாம் உறங்கவைத்தனர். படுக்கை நனைந்ததேயன்றி நுரையீரலுக்குப் பயனில்லை. 1970களில் அம்முறை கைவிடப்பட்டது.

பின்னர் ஆஸ்திரேலியாவில், கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகள் பிறரினும் நலமாயிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். 7 சதவீத உப்புநீரை நெபுலைசர் கருவியால் நுண்திவலையாக்கி நாள்தோறும் இருமுறை சுவாசிக்கச் செய்தனர். 164 பேரைக் கொண்ட அவ்வாய்வு 2006-இல் வெளியாயிற்று. அந்நீரைப் பெற்றோருக்கு நோய் மூண்டெழும் வேளைகள் பாதிக்கு மேல் குறைந்தன.

மாங்காய்க் கீற்றில் உப்பிட்டால் நீர் விடுவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். மூச்சுக்குழாயிலும் உப்பு அவ்வாறே நீரை இழுக்கிறது. சளி இளகி இருமலோடு வெளிவருகிறது. இதை ஆவி பிடித்தல் என்று எண்ணிவிடாதீர்கள். ஆவியும் சாரலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். கருவியின் திவலையோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கே உள்ளது. ஆதலால் ஆழச் செல்கிறது.

வீட்டு உப்பைக் கரைத்து ஊற்றவே கூடாது. உப்புநீரால் சிலருக்கு மூச்சு இறுகும். எனவே முதல் முறை மருத்துவர் முன்னிலையில்தான் தொடங்க வேண்டும். கருவியின் கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவி, மருத்துவமனையில் சொல்லும் முறைப்படி கிருமி நீக்கி, உலர்த்த வேண்டும். இது நோயை அடியோடு நீக்குவதன்று. ஆயினும் நாள் தவறாது செய்ய வேண்டுவது.

ஐயம் எழுந்தால் தென்காசி அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நோயை உறுதி செய்யும் வியர்வைச் சோதனை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உண்டு. அவ்வளவு தொலைவு செல்ல இயலாத குடும்பத்துக்கு வழிச்செலவு திரட்டித் தருவதை உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்ளலாம். கருவி மின்சாரத்தில் ஓடுவது. மின்தடை அறிவிப்பு வந்தவுடன் அவ்வீட்டுக்கு முதலில் சொல்லியனுப்புங்கள்.