குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு

(சாத்தாங்காட்டில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



19ஆம் நூற்றாண்டின் சிறை, சட்ட ஆவணங்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

1816இல் சென்னை மாகாணத்தில் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வருகிறது. கிராமத் தலைவருக்குக் காவல் அதிகாரம் தந்த சட்டம் அது. வசைபாடியது, சின்னக் கைகலப்பு போன்ற சில்லறைக் குற்றங்களுக்கு அவரே தண்டனை தரலாம். 12 மணி நேரத்துக்கு மிகாமல் சாவடியில் அடைத்து வைக்கலாம். ஆனால் குற்றம் செய்தவர் 'கீழ்ச்சாதி' என்றால், இப்படிப்பட்ட இழிவான தண்டனை அவருக்குத் தகாததல்ல என்றால், 6 மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டலாம். துளையிட்ட இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கால்களை வைத்துப் பூட்டுவதுதான் தொழுக்கட்டை.

கவனியுங்கள். இது இழிவானது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டு, அந்த இழிவு யாருக்குத் தகும் என்று சாதியைப் பார்க்கிறது. குற்றம் ஒன்றுதான், தண்டனை இரண்டு.

தகும், தகாது என்று முடிவு செய்தவர் யார்? நம் திருவொற்றியூரும் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்தான். அங்கே நிலம் மிராசுதார்களிடம் இருந்தது. சேரி மக்கள் குடியிருந்த மனையைக்கூட மிராசுதார்கள் தங்களுடையது என்றார்கள். கடனுக்கு உழைப்பை எழுதி வாங்கினார்கள். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்ததற்கு அந்த அறிக்கைதான் அடிப்படை. கிராம அதிகாரமும் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த சாதிகளிடமே இருந்தது. கூலி கேட்டுக் குரல் உயர்த்தினால் அது 'வசை' ஆகிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கே இரண்டு கதைகள் உலவுகின்றன. வெள்ளைக்காரன் எல்லோருக்கும் ஒரே சட்டம் கொடுத்தான் என்பது ஒன்று. சாதியையே வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்பது இன்னொன்று. இரண்டையும் இந்த ஒரு விதி மறுக்கிறது. ஊரில் ஏற்கெனவே இருந்த சாதியை அரசு எடுத்துச் சட்டப்பிரிவாக எழுதியது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தபோதும், உள்ளூர்ச் சட்டங்களை இது பாதிக்காது என்று அதன் 5ஆம் பிரிவு ஒதுங்கிக்கொண்டது.

பழைய கதை என்று இதை மூடிவைக்க முடியாது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், பல மாநிலங்களின் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என்ன விதிகள் அவை? சமையலுக்குத் 'தகுந்த' சாதிக்காரர், கக்கூஸ் கழுவ இன்னின்ன சாதிக்காரர். 1816இன் அதே சொல், விடுதலைக்குப் பிறகும் நம் சிறைக்குள் இருந்திருக்கிறது.

தமிழ்நாடு விதிவிலக்கல்ல. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மோதலைத் தடுக்கத்தான் என்றது அரசு. மதுரைக் கிளையும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு சிறை நிர்வாகத்துடையது, அதற்குச் சாதியைக் கருவியாக்கக் கூடாது என்பதுதான் நம் நிலைப்பாடும்.

சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தை நீக்கவும், மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்தவும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. காகிதத்தில் நீக்கினால் போதுமா? பைக்கை நிறுத்தி, பெயரைக் கேட்கும் முன்பே "எந்த ஏரியா?" என்று கேட்கிறார்களே, நம் பசங்களுக்கு அது புதிதா? அந்தக் கேள்விக்குள் இருப்பதும் யாருக்கு எது தகும் என்ற பழைய கணக்குதான்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். விதிகள் திருத்தப்பட்டனவா, எந்தச் சிறையில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் ஆவணம், மறுத்தாலும் ஆவணம். 1816இல் நம்மைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். இனி கேள்வியை நாம் எழுதுவோம்.

ஜெய்பீம்.