மிஞ்சும் பால்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தி, ரயில்வே கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் எமக்குச் சொற்பொழிவு நிகழ்த்தும் புலமை இல்லை. எனினும், செயலாளர் பணித்தமையால் இல்லத்தில் மிஞ்சும் பாலைப் பற்றிச் சில கூற முன்வந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், குடிபாடுவாத் திருநாளன்று, நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. தேநீர்க் கடைகளும் இனிப்புக் கடைகளும் மூடுண்டன, பால் தேங்கிற்று. மராட்டிய அரசு நாளொன்றுக்குப் 10 லட்சம் லிட்டர் வரை கொள்முதல் செய்து பொடியாக்க முற்பட்டது. மறுபுறம், தலைநகரில் பால் குறையாதிருக்க ரேணிகுண்டாவிலிருந்து நிஜாமுதீனுக்கு எம் ரயில்வே தனி வண்டிகளை ஓட்டிற்று. 40,000 லிட்டர் கொள்ளும் கலங்கள் ஆறு அவ்வண்டியில் சென்றன.

அந்நாளில் வாகட்டில் எம் இல்லத்திலும் பால் மிகுந்தது. உடனிருந்த மைத்துனர் இருவரும் ஊர் சென்றுவிட்டனர். "நாளை முதல் இரண்டு லிட்டர் வேண்டா, ஒன்று போதும்" என்று பால்காரரிடம் கூறினோம். அவர் சினக்கவில்லை. "எருமைக்கு ஊரடங்கு தெரியாதே, அண்ணா" என்று மராத்தியில் கூறி நின்றார். யாம் நாணினோம். மாதச் சம்பளம் குறையாத யாம் அவர் வயிற்றிலா சிக்கனம் பார்ப்பது? இரண்டு லிட்டரையே வாங்கலானோம்.

மிஞ்சிய பாலை என்ன செய்தோம்? விரல் பொறுக்கும் சூட்டில் உறைமோர் இட்டுத் தயிராக்கினோம். பூனாவின் மார்கழிக் குளிரில் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றினாலன்றித் தயிர் தோயாது. ஆடையைச் சேர்த்து உறையிட்டுக் குளிர்ந்த நீர் விட்டுக் கடைந்தோம். வெம்மையில் வெண்ணெய் இளகித் திரளாது. உருக்குங்கால் சடசடப்பு அடங்கிக் கசடு பொன்னிறமாகையில் முருங்கையிலை இட்டு இறக்குதல் நம் ஊர் வழக்கம்.

தயிரைத் துணியில் கட்டி நீர் வடித்தால் கிடைப்பதை மராட்டியர் சக்கா என்பர். சர்க்கரையும் ஏலமும் சேர்த்துக் குழைத்தால் அதுவே சிறீகண்ட். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பன்னீர் திரளும். திரிந்தவுடன் இறக்கவேண்டும். முதல் முறை யாம் மேலும் கொதிக்கவிட்டமையால் பன்னீர் ரப்பராயிற்று! வடிந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைந்தோம். அதிலும் புரதம் உண்டு.

எல்லாவற்றினும் சிறந்தது திரட்டுப்பால். ஒரு லிட்டர் எருமைப்பால் சுண்டினால் ஏறத்தாழ 200 கிராம் கோவா நிற்கும். அடிகனத்த பாத்திரமும், கிண்டுவதற்குச் சோராத கையும் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சிறீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு எம் கைப்பாகம் ஈடாகாது. எனினும் அதனைப் பால்காரர் இல்லத்துக்கும் அனுப்பினோம். சில திங்கள் கழித்து, எருமை கன்றீன்றபோது அவர் கர்வஸ் கொணர்ந்தார். நாம் சீம்பால் என்பதும் அதுவே.

அன்பர்களே! பிழைக்க வந்த ஊரில் நமக்குப் பாலூற்றும் கை வாடாமற் காப்பது நம் கடன். மிஞ்சிய பாலை வீணாக்காதிருத்தல் அக்கடனின் ஒரு கூறு. இத்துடன் அமைகின்றோம்.