தலைவரின் கோபம் யாருடைய கவலை?



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘தலைவரின் தனிவாழ்க்கை நமக்குத் தேவையா?’ என்பது. டீக்கடை பெஞ்சில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. “அவர் வீட்டில் எப்படி இருந்தால் நமக்கென்ன? ரோடு போட்டாரா, தண்ணீர் விட்டாரா, அதைப் பாருங்கள்” என்பார் ஒருவர். “வீட்டையே ஒழுங்காக ஆளத் தெரியாதவர் நாட்டை எப்படி ஆளுவார்?” என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்பி வாக்களித்து, இரண்டாலும் ஏமாந்த தேசங்கள் உண்டு. அதனால் இன்றைக்கு, ஒரே தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரை உங்கள் முன்னால் நிறுத்தப் போகிறேன். 1960ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் ஜான் கென்னடி, மறு பக்கம் ரிச்சர்ட் நிக்சன்.

நிக்சன் குவேக்கர் குடும்பத்தில் வளர்ந்தவர். 1940இல் மணந்த மனைவியோடு, அந்த அம்மையார் 1993இல் கண்ணை மூடும் வரை வாழ்ந்தவர். நல்ல குடும்பஸ்தர் என்றே நாடு அவரை அறிந்திருந்தது. கென்னடி அப்படியில்லை. அவர் மனைவிக்கு உண்மையாக இல்லை என்பது பின்னாளில் ஐயமின்றி வெளிவந்துவிட்டது. அட்ரினல் சுரப்பியைத் தாக்கும் அடிசன் நோய் அவருக்கு இருந்தது. தேர்தல் நேரத்தில் அவர் தரப்பு அதை மறுத்தது. நம் ஊர் வழக்கப்படி பெண் கொடுக்க விசாரிக்கப் போனால், யார் வீட்டுப் படியை விட்டு முதலில் இறங்கியிருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது 1962 அக்டோபருக்கு வாருங்கள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்படுவதைக் காட்டும் புகைப்படங்கள் 16ஆம் தேதி காலையில் கென்னடியின் கைக்கு வருகின்றன. ராணுவத் தளபதிகள் ஒரே குரலில், குண்டு போடுங்கள், படையை இறக்குங்கள் என்கிறார்கள். விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே ஒரு படி மேலே போய், கடல் முற்றுகையோடு நிறுத்திக்கொள்வது மியூனிக்கில் ஹிட்லருக்குப் பணிந்து போனதைப் போன்றது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகக் குத்தும் தெரியுமா? மியூனிக் ஒப்பந்தத்தின் காலத்தில் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, அந்தப் பணிவை ஆதரித்தவர் கென்னடியின் சொந்தத் தந்தை! தகப்பனைச் சொல்லிக் குத்தினால் எத்தனை பேருக்கு நிதானம் இருக்கும்? அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. கென்னடி குரலை உயர்த்தவில்லை.

ஆலோசனைக் குழு கூடும்போது சில சமயம் அவர் வேண்டுமென்றே அந்த அறைக்குப் போகாமல் இருந்தார். தலைவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள், மனதில் இருப்பது வராது என்று அவருக்குத் தெரியும். இதைச் செய்ய ஒரு மனிதனுக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் நம் வீட்டு விவகாரத்தில்கூட, “நான் இல்லாமல் பேசி முடிவு சொல்லுங்கள்” என்று எழுந்து போவோம்?

27ஆம் தேதி சனிக்கிழமை, கியூபாவின் மேல் பறந்த உளவு விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் உயிரிழந்தார். விமானம் வீழ்ந்தால் சுட்ட தளத்தை உடனே தாக்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். செத்தவர் தன் நாட்டு வீரர், தளபதிகள் கொதிக்கிறார்கள், நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கென்னடி பொறுத்தார். அன்று இரவே தம்பி ராபர்ட்டை சோவியத் தூதரிடம் அனுப்பினார். மறுநாள் சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல் ஹவானாவில் நடந்த கருத்தரங்கில்தான் ஒரு சோவியத் தளபதி உண்மையைச் சொன்னார்: கரையிறங்கும் படையைத் தாக்கக்கூடிய சிறு அணு ஆயுதங்கள் அப்போதே கியூபாவில் தயாராக இருந்தன. அமெரிக்க உளவுத்துறைக்கு அது தெரியாது. அந்தச் சனிக்கிழமை அந்த நாற்காலியில் ஒரு முன்கோபி இருந்திருந்தால், நானும் நீங்களும் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போமா என்பதே சந்தேகம்.

அடுத்து நிக்சன். அவர் ஆற்றலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1972 பிப்ரவரியில் சீனாவுக்குப் போய் உலக அரசியலையே திருப்பியவர். அந்த ஆண்டுத் தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ வென்றவர். அப்படிப்பட்டவரை எதிரிகளோ ராணுவமோ கவிழ்க்கவில்லை. அவர் மனதிலிருந்த வன்மம் கவிழ்த்தது. எதிரிகள் என்று ஒரு பட்டியல். அரசின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட ஒருவரின் மனநல மருத்துவர் அலுவலகத்தில் 1971இல் திருட்டு. மறு ஆண்டு ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டார்கள். ஆறே நாளில், புலனாய்வைத் தடுக்க உளவு நிறுவனத்தைப் பயன்படுத்தும் திட்டத்துக்குத் தன் அறையில் உட்கார்ந்து ஒப்புதல் தருகிறார். அதையும் அவர் பொருத்திய ஒலிப்பதிவுக் கருவியே பதிவு செய்தது. 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார்.

கோபத்தில் நிக்சன் போட்ட சில உத்தரவுகளைத் தான் நிறைவேற்றாமல் விட்டதாக, அவருக்கு மிக நெருக்கமாக இருந்த ஹால்டெமன் பிறகு எழுதினார். நாட்டின் நலம் உதவியாளர் ஒருவரின் தாமதத்தை நம்பி இருந்திருக்கிறது! இதைவிட அச்சம் தரும் செய்தி எனக்குத் தெரியவில்லை.

அது அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், 1971ஐ நினைவுபடுத்துகிறேன். கிழக்கு பாகிஸ்தானில் படுகொலை நடக்கிறது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வருகிறார்கள். டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் அவரோடு பணியாற்றியவர்களும், தங்கள் அரசு வாய்மூடி இருப்பது தவறு என்று வாஷிங்டனுக்கே தந்தி அடித்தார்கள். அவருக்குக் கிடைத்தது இடமாற்றம். பாகிஸ்தானை ஆண்ட யாஹ்யா கான் சீனாவுக்குப் பாலமாக இருந்தார், அதில் ஒரு ராஜதந்திரக் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒலிநாடாக்களில் இந்திரா காந்தியைப் பற்றியும் இந்தியப் பெண்களைப் பற்றியும் நிக்சன் பேசிய பேச்சை இந்த மேடையில் என் வாயால் சொல்ல மாட்டேன். அது கணக்கு இல்லை, வெறுப்பு. டிசம்பரில் எண்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை நம் வங்காள விரிகுடாவுக்கே அனுப்பினார். ஒரு தலைவரின் சுபாவம் எவ்வளவு தூரம் கடல் கடந்து வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் தனி ஒழுக்கம் ஒரு பொருட்டே இல்லையா? கென்னடிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவருடன் தொடர்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாஃபியா தலைவன் ஒருவனோடும் பழக்கம் இருந்தது. அந்த விவரம் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரின் கோப்பில் இருந்தது. 1962 மார்ச்சில் ஹூவர் வெள்ளை மாளிகையில் கென்னடியோடு மதிய உணவு அருந்தினார். அன்றோடு அந்தப் பெண்ணின் தொலைபேசித் தொடர்பு நின்றது. இங்கேதான் என் கோடு. ஒருவருடைய ரகசியம் இன்னொருவர் கையில் பிடியாக மாறும்போது, அந்த ரகசியத்தை மூட அரசு வண்டியும் அரசுப் பணமும் அரசு அதிகாரியும் பயன்படும்போது, அது அவர் வீட்டு விஷயம் இல்லை, நம் விஷயம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மனைவியை அடிப்பது ‘குடும்ப விஷயம்’ இல்லை, குற்றம். அலுவலகத்தில் கீழே வேலை பார்க்கும் பெண்ணிடம் அத்துமீறுவதும் ‘பலவீனம்’ இல்லை. அவை அதிகாரத்தை எளியவர் மேல் பிரயோகித்துப் பார்க்கும் செயல்கள். அதைச் செய்தவர் பெரிய அதிகாரத்தைக் கையில் வாங்கினால் என்ன செய்வார் என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, நம் மேடைகளில் நடப்பது இந்த விசாரணை இல்லை. ஒரு பெண் அரசியலுக்கு வந்துவிட்டால் போதும், அவர் யாரோடு வந்தார், ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏன் விவாகரத்து ஆனது என்று மைக்கைப் பிடித்துக் கேட்கிறோம், கீழே கைதட்டுகிறோம். அதே மேடையில், அதிகாரியைக் கை ஓங்கி மிரட்டிய ஆணை ‘துணிச்சல்காரர்’ என்கிறோம். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பெரிய வேதனை. பல நல்ல பெண்கள் வார்டு கவுன்சிலர் பதவிக்குக்கூட நிற்கத் தயங்குவதற்கு இந்த நாக்குகளே காரணம்.

நாம் கேட்க மறக்கும் கோபத்தை வள்ளுவர் மறக்கவில்லை. வெகுளாமையைத் துறவறத்தில் வைத்ததோடு நிற்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் இடத்தில், குற்றங்கடிதல் என்று ஒரு தனி அதிகாரமே வைத்து, அகந்தையையும் சினத்தையும் அங்கே முன்வரிசையில் நிறுத்தினார். தனிமனிதனின் கோபம் அவனையும் நாலு பேரையும் சுடும், ஆள்பவனின் கோபம் ஊரையே சுடும் என்ற கவலை அது.

சுபாவம் என்றால் என்ன என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. 1956 நவம்பர் 23. அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் பெயர்ந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் விபத்தின்போதே விலகல் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. பாலத்தை அவர் கட்டவில்லை, மழையை அவர் பெய்விக்கவில்லை. பழியைக் கீழே தள்ள ஆயிரம் அதிகாரிகள் இருந்தார்கள். தள்ளவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் அடுத்த பிரதமர் யார் என்று ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டபோது, ஒருமித்து வந்த பெயர் அந்தச் சாஸ்திரியுடையது.

பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றும் முன் ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டுமா கேட்கிறோம்? குடிப்பாரா, முந்திக்கொண்டு போவாரா என்றும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். வேட்பாளரைப் பற்றி விசாரிக்க உச்ச நீதிமன்றம் நமக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதைப் படிக்காமல் வாக்குச்சாவடிக்குப் போகாதீர்கள். ஆனால் சுபாவத்துக்கு அதில் கட்டம் கிடையாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிடிக்காத கேள்வி கேட்ட நிருபரிடம் எப்படிப் பேசினார்? தோற்ற அன்று என்ன சொன்னார்? பத்து வருடமாக அவரோடு இருப்பவர்களில் ‘அண்ணே, இது தப்பு’ என்று சொல்லக்கூடிய ஒருவராவது மிஞ்சியிருக்கிறாரா, இல்லை, அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் கழற்றிவிடப்பட்டார்களா?

அதனால் இந்த வாசகர் வட்டத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த தேர்தல் வரும்போது, நம் தொகுதி வேட்பாளர்கள் எல்லோரையும் இதே மேடைக்கு அழையுங்கள். மாலை வேண்டாம், பட்டாசு வேண்டாம், எழுதி வைத்த உரை வேண்டாம். ஆளுக்கு அரை மணி நேரம் கொடுத்து, கேள்விகளை நீங்கள் கேளுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அம்மா ஒருவர் கோபமாக ஒரு கேள்வி கேட்கட்டும். வேட்பாளர் பதில் சொல்கிறாரா, பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். வர மறுப்பவர்களின் பெயரை வாசலில் எழுதி வையுங்கள். நாற்காலி போடுவதிலிருந்து மைக் வாடகை வரை என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.