ஒரே புல்லு, இரண்டு மண்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



"ஐயா, கேஸ் எடுக்கிற புல்லுன்னு ஒன்னு இருக்காமே, மரக்கறித் தோட்டத்த அழிச்சிட்டு அதையே நட்டா என்ன?" என்று உங்களில் சிலர் நம்மிடம் கேட்டீர்கள். 2022இல் கேஸ் இல்லாமல் விறகுக்கு அலைந்ததை யாரும் மறக்கவில்லை. கேள்வி நியாயம்தான். ஆனால் முதலில் தம்பலகாமத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே நம்ம சனம் சில பேர் வயல் செய்கிறார்கள். ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போனால் அவர்கள் வீட்டில்தான் தங்குவோம். ஒரு தடவை இங்கிருந்து ஒரு கட்டு சீஓ-3 புல்லுத் தண்டு கொண்டுபோனோம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கம்பையும் யானைப்புல்லையும் கலந்து உண்டாக்கிய புல்லு அது. விதை போட்டு வராது, கணுவுள்ள தண்டைத்தான் நட வேண்டும். பாதியைக் கிணற்றடி மேட்டில் நட்டார்கள். மீதியை வயலோரப் பள்ளத்தில் நடச் சொன்னது நாம்தான். புல்லுக்குத் தண்ணி நல்லதுதானே என்று நினைத்துவிட்டோம்! ஒக்டோபரில் மாரி தொடங்கியது, பள்ளத்தில் தண்ணி தேங்கி வேரெல்லாம் அழுகிப் போச்சு. அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. நமக்குத்தான் வெட்கம்.

கிணற்றடியில் நின்றதோ ஆள் உயரத்துக்கு மேல் வந்தது. மலையில் அந்த வேகத்தை நாம் காணவில்லை. யானைப்புல்லு ஆப்பிரிக்காவின் சூட்டில் பிறந்தது. தலவாக்கலைப் பக்கம் உயர்ந்த மலை. தைமாதக் குளிரில் முடங்கிவிடும், உறைபனி விழுந்தால் இலை கருகும். தம்பலகாமத்தில் குளிர் இல்லை. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணி இறைக்காவிட்டால் காய்ந்துவிடும். குடாவை ஒட்டிய உப்பு நிலமும் அதற்கு ஆகாது. அங்கே ரோட்டோரத்துக் கினிப்புல்லு மட்டும் யாரும் பார்க்காமலே காய்ந்து, மழை வந்ததும் திரும்பத் துளிர்க்கிறது.

சீஓ-4 என்று 2008இல் வந்த இனம் வருடத்துக்கு ஹெக்டேருக்கு 380 டன்னுக்கு மேல் தரும் என்று கடதாசியில் போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் அது தமிழ்நாட்டு வெயிலில், நீர் பாய்ச்சி, உரம் போட்டு எடுத்த கணக்கு. நம்ம புளிப்பு மண்ணின் கணக்கு அல்ல.

நம்ம மண்ணுக்குப் பழகிய புல்லு மானாவும் குவாத்தமாலாவும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் 18 முதல் 24 மாதம் வரை நிற்கும். அதை வெட்டி அங்கேயே பரப்புவது மண்ணுக்குச் சாப்பாடு போட. தயவுசெய்து அதை மாட்டுக்கும் அடுப்புக்கும் அறுத்துக்கொண்டு போகாதீர்கள். பிறகு நடுகிற தேயிலைதான் பட்டினி கிடக்கும்.

இன்னொன்று. பச்சைப் புல்லை நறுக்கிச் சாணத்தோடு கலந்தால் கேஸ் வரும். காயவைத்து எரித்தால் சாம்பல் அதிகம், பெரிய சூளையில் அது உருகிக் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். எரிக்கத்தான் வேண்டுமென்றால் கிளிரிசிடியா கம்பு மேல். 2005இல் அரசாங்கமே அதைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது. வேலியில் நட்டால் போதும், இடமும் பிடிக்காது.

ஆகவே மரக்கறித் தோட்டத்தில் கை வைக்காதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் கொட்டில் தண்ணி வடிகிற பக்கம், தேங்காத இடமாகப் பார்த்து, ஐந்து தண்டு மட்டும் நடுங்கள். ஒரு குளிர்காலம் தாண்டட்டும், பார்ப்போம். தண்டு வேண்டியவர்கள் சனிக்கிழமை பெரட்டு முடிந்ததும் வாருங்கள். கத்தியும் கொண்டு வாருங்கள், நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது.